தருமபுரியில் எழுபது லிட்டர் கடல்

"குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச ஊருடா இது. நீ உப்புத் தண்ணிக்குத் தொட்டி கட்டுறியா?"

தொட்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா கேட்டது. என்னிடம் பதில் இல்லை. நாலு ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடலைப் பார்த்ததே மொத்தம் நான்கு முறைதான். ஓசூரில் ஒருவர் வீட்டுக்கு பம்ப் ரிப்பேர் என்று போனேன். போர்வெல் பம்ப்பாக இருக்கும் என்று நினைத்தால், அவர் கூடத்தில் இருந்த கடல் மீன் தொட்டியின் பம்ப். பம்ப்பைச் சரிசெய்ய அரை மணி நேரம், தொட்டி முன் உட்கார்ந்திருந்தது இரண்டு மணி நேரம். அங்கே பிடித்த பைத்தியம்தான் இது.

2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே உயரம், 8 மி.மீ. கண்ணாடி. பாறை, மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் 70 லிட்டர் தண்ணீர் நிற்கும். சின்னத் தொட்டிதானே, சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். நேர்மாறு. தண்ணீர் குறையக் குறைய, செய்யும் தப்பு சீக்கிரம் தெரியும். பெரிய தொட்டி மன்னிக்கும் தப்பைச் சின்னத் தொட்டி மன்னிக்காது.

முதலில் உப்பு. கல் உப்பு போட்டால் ஆகாதா என்று கடைக்கு வருபவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஆகாது. உப்பளத்தில் கடல் நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்னாலேயே படிந்துவிடுகிறது. கசப்பான மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் நீரோடு போய்விடுகிறது. நடுவில் கிடைப்பதுதான் நம் சமையல் உப்பு. சாம்பாருக்கு அது போதும், பவளத்துக்கு இரண்டும் வேண்டும். அதனால் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவையை சென்னை கொளத்தூரிலிருந்து பார்சலில் வரவழைத்தேன். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை போட்டுக் கலக்க வேண்டும். முதல் தடவை கலக்க எதுவும் கையில் கிடைக்காமல் அம்மா களி கிண்டும் துடுப்பை எடுத்துவிட்டேன். அன்று ராத்திரி களி கரித்தது. அதன் பிறகு எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர்வெல்லில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, மீட்டரில் 1,140. வீட்டு ஆர்.ஓ.வில் பிடித்தால் 58. குடிக்க நல்ல தண்ணீர்தான். அதையே தொட்டிக்கும் ஊற்றினேன். மூன்றாவது வாரம் மணலெல்லாம் பழுப்புப் படலம், அப்புறம் பாறை முழுக்கப் பச்சை முடி மாதிரிப் பாசி. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் அயனிகளைப் பிடிக்கும் ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்த பிறகுதான் மீட்டர் 0 காட்டியது. பாசி அடங்க இன்னும் இரண்டு மாதம் ஆனது.

தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் ஃபுளோரைடு பேசாமல் முடியாது. அப்பாவுக்கு முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு உண்டு, பெரியப்பாவுக்கும் உண்டு. பாறையிலிருந்து கரைந்து ஆழ்குழாய்க் கிணற்றில் வருவது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்திருந்தது. உப்புக் கலவையைப் பற்றித் துருவிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, கடல் நீரிலும் இயற்கையாகவே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு ஃபுளோரைடு இருக்கிறதாம். குடிநீரில் 1 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்கிறது இந்திய தர நிர்ணயம். அதைத் தாண்டிய கிணறுகளின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நாங்க கடலைவிடப் பெரிய ஆளுங்க" என்றார்.

பாறைக் கதை கொஞ்சம் நீளம். கடல் பாறை விலைக்குக் கிடைக்கும், பவளமும் சிலர் தருவார்கள், பில் மட்டும் தரமாட்டார்கள். ஓசூர்க்காரர் முதல் நாளே எச்சரித்துவிட்டார். கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. செத்த பவளக் கல்லுக்கும் அதே சட்டம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். 1986-ல் அது தேசியப் பூங்கா ஆனது. என் கூடத்து அலங்காரத்துக்காக அங்கிருந்து ஒரு துண்டு வர வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பாறையை நானே வார்த்தேன். வெள்ளை சிமெண்ட் 1 பங்கு, கோழித் தீவனக் கடையில் விற்கும் கிளிஞ்சல் நொறுக்கு 3 பங்கு, கல் உப்பு 1 பங்கு. ஈர மணலில் குழி பறித்து, கலவையைக் கொட்டி, விரலால் ஓட்டைகள் போட்டு இரண்டு நாள் விட்டால் கல்லாகிவிடும். தண்ணீரில் போட்டதும் கல் உப்பு கரைந்து உள்ளே பொந்து பொந்தாக ஆகும். பாக்டீரியா குடியிருக்க அந்தப் பொந்துகள்தான் வேண்டும். சிக்கல் என்னவென்றால் புது சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் பி.எச். 11-க்கு மேல். மீன் போட்டிருந்தால் வெந்திருக்கும். பெரிய டிரம்மில் ஊறப்போட்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, ஆறு வாரம் கழித்து 8.4-க்கு வந்தது. மாடியில் கிடந்த டிரம்மைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, "என்ன தம்பி, கல்லு ஊறுகாயா?" என்று கேட்பார்.

அப்புறம் காத்திருப்பு. பாறை, மணல், உப்புத் தண்ணீர், சுழற்சி எல்லாம் தயார். ஆனால் மீன் போடக் கூடாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்க வேண்டும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்க வேண்டும். வயலில் யூரியா போட்டால் மண்ணுக்குள் நடக்கிற அதே வேலைதான். அவை பெருக முதலில் தீனி வேண்டும் என்பதால் பச்சை இறால் ஒன்றை உள்ளே அழுகவிட்டேன். அந்த வாரம் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை. அம்மோனியா 4 வரை ஏறி இறங்கியது, நைட்ரைட் ஏறி இறங்கியது, 37-வது நாள் இரண்டுமே பூஜ்யம். சும்மா உப்புத் தண்ணீரை 37 நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

தை மாதத்தில் ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. கடலில் பிடித்ததல்ல, பண்ணையில் பொரித்தது. மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தினரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினரும் இவற்றை வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் தொட்டித் தீனியைத் தயங்காமல் சாப்பிடுகிறது. பெங்களூரிலிருந்து பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வந்தேன். பைக்குள் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்க்க இன்னும் ஒரு மணி நேரம். இரண்டும் ஆணாகத்தான் வளரும், பெரிதாகி அதட்டுவது பெண்ணாக மாறிவிடும் என்று சொன்னேன். "பெரிசுதான் பொண்டாட்டியா?" என்று அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அந்த மாதமே முதல் தப்பு. தண்ணீர் ஆவியாகி மட்டம் குறையும். குறைந்ததை ஈடுகட்டக் கலந்து வைத்த உப்புத் தண்ணீரையே தினமும் ஊற்றினேன். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு எங்கும் போவதில்லை. ஐந்தாம் வகுப்பில் படித்ததுதான், கை மறந்துவிட்டது. தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும், முள் ஆடும் பிளாஸ்டிக் அளவுமானி 1.024 என்றே காட்டிக்கொண்டிருந்தது. மீன்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்து ஓசூர்க்காரரின் ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) இரவல் வாங்கி வைத்துப் பார்த்தால் 1.029. முள்ளில் உப்புப் படிந்து கனத்து, குறைத்துக் காட்டியிருக்கிறது. நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து லிட்டர் போல எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி 1.025-க்குக் கொண்டுவந்தேன். ஒரே நாளில் இறக்கியிருந்தால் அதுவே கொன்றிருக்கும். இப்போது கண்ணாடியில் நகப்பூச்சால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே போனால் நல்ல தண்ணீர் மட்டும். வாரம் ஒருமுறை 7 லிட்டர் மாற்றும்போதுதான் உப்புத் தண்ணீர்.

இரண்டாவது தப்பை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. பாசி தின்ன ஐந்து நத்தைகளும் இரண்டு சங்கு நண்டுகளும் விட்டிருந்தேன். ஒரு காலை நத்தைகள் மூன்று மணலில் மல்லாந்து கிடந்தன. மறுநாள் மீதி இரண்டும். மீன்களோ வழக்கம்போலத் தீனிக்குப் பாய்ந்தன. அம்மோனியா பூஜ்யம், உப்பு சரி, சூடு சரி. விற்றவர் நோய் நத்தை கொடுத்துவிட்டார் என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். ஓசூருக்கு போன் செய்தால் அவர் கேட்டது ஒரே கேள்வி: "உள்ளே செம்பு ஏதாவது இருக்கா?"

சிரித்துவிட்டேன். காலை முதல் ராத்திரி வரை செம்புக் கம்பியோடு குடித்தனம் நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா? முதலில் கையைச் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் பம்ப் ஞாபகம் வந்தது. அலைக்காக நான் போட்டிருந்தது ஏர் கூலர் பம்ப். புதிது வாங்காமல் கடையில் கிடந்ததை எடுத்து, ஷாஃப்ட் ஆடுகிறதே என்று நானே ஒரு வெண்கல புஷ் அடித்துப் போட்டிருந்தேன். அருமையான வேலை, சத்தமே இல்லாமல் ஓடியது. கழற்றிப் பார்த்தேன். புஷ் பாதி தேய்ந்து, சுற்றிலும் பச்சையாகக் களிம்பு. வெண்கலத்தில் பெரும்பங்கு செம்புதான். உப்புத் தண்ணீர் அதைக் கரைத்திருக்கிறது. மீன் தாங்குகிற அளவு செம்பை நத்தை, நண்டு, பவளம் தாங்காது.

தண்ணீரில் பாதியை இரண்டு தடவையாக மாற்றினேன். கரியும், செம்பைப் பிடிக்கும் பட்டையும் போட்டேன். பாறையே செம்பை உறிஞ்சி மெல்ல விடும் என்பதால் ஆறு வாரம் நத்தை எதுவும் விடவில்லை. கடலுக்கென்றே செய்த, செராமிக் ஷாஃப்ட் வைத்த பம்ப் வாங்கினேன். என் தொழில் தெரிந்த திமிரில் வந்த வினை என்றாலும், அதே தொழில் ஒரு இடத்தில் உதவியது: தொட்டி லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறுமாறு ஒரு வளைவு. வயர் வழியே வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. இதைச் செய்யாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

பங்குனியில் ஓசூர்க்காரர் தன் தொட்டியில் பெருகிய மஷ்ரூம் நான்கும், ஜோவாந்திட் ஒரு கொத்தும் கொடுத்தார். இரண்டும் கல் எலும்புக்கூடு இல்லாத பவள வகைகள், ஆரம்பக்காரனுக்கு ஏற்றவை. ஜோவாந்திட் சிலவற்றில் கடும் விஷம் உண்டு. கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்டக் கூடாது, ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போடவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

பவளம் வந்தது, கூடவே சித்திரை வெயில். மதியம் 3 மணிக்குத் தொட்டி 31.6 டிகிரி. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் சமைத்து அதற்குச் சோறு போடுகிறது. சூடு ஏறினால் அந்தப் பாசியைப் பவளமே வெளியே தள்ளி வெளுத்துப்போகும். மஷ்ரூம்கள் சுருங்கி, ஓரம் வெளிறத் தொடங்கின. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலை தொட்டி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்ததைவிட அதிகம். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டைத் தண்ணீர்ப் பரப்பில் வீசுமாறு வைத்தேன். மண்பானை சங்கதிதான். 27.8-க்கு இறங்கியது. கடலோர ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் இவ்வளவு இறங்காதாம். எங்கள் ஊர்க் காய்ந்த காற்று முதல் தடவையாக எனக்கு உபயோகப்பட்டது. விலையாக நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனது. கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன்.

அந்த இரண்டரை லிட்டரை ஊற்றும் பொறுப்பு, நான் கடையில் இருக்கும் நேரத்தில், அப்பாவுடையது ஆனது. கோடு பார்த்து ஊற்றுவார். ஊற்றும் முன் மீட்டர் 0 காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். அதில் ஃபுளோரைடு தெரியாது, மொத்தக் கரைசல்தான் தெரியும் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் விடவில்லை. ஆர்.ஓ. கழிவு நீர், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது, 2,000-ஐ நெருங்குகிறது என்று கண்டுபிடித்து, செடிக்கு அதை நிறுத்தியது அவர்தான். இப்போது டி.டி.எஸ். மீட்டரைத் தேடினால் அப்பா சட்டைப் பையில் இருக்கிறது. நேற்று மோரில் விட்டுப் பார்த்திருக்கிறார்.