27.6 மணி நேரத்தில் முதல் சோலோ: ஃப்ளேர் பிடிபட்டது

சென்ற சனிக்கிழமை காலை, கலிபோர்னியாவின் லிவர்மோர் விமான நிலையத்தில், செஸ்னா 172எஸ் விமானத்தைத் தனியாக மூன்று முறை ஏற்றி இறக்கினேன். முடிந்ததும் பயிற்றுநர் வழக்கப்படி என் சட்டையின் முதுகுத் துணியைக் கத்தரித்து, தேதி எழுதிக் கையில் கொடுத்தார். அது இப்போது என் மேசைக்கு மேலே தொங்குகிறது.

பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் மொத்தம் 27.6 மணி நேரம். என்னோடு தொடங்கிய ஒருவர் 18 மணி நேரத்திலேயே சோலோ (தனியாகப் பறப்பது) முடித்துவிட்டார். எனக்கு ஏறத்தாழ 9 மணி நேரம் ஃப்ளேர் ஒன்றிலேயே, அதாவது தரையைத் தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தை மெதுவாக்குவதிலேயே போனது. அதே இடத்தில் நிற்பவர்கள் இருப்பார்கள் என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

தரைக்குப் பத்து அடி இருக்கும்போது யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) இழுப்பேன். விமானம் இறங்காமல் மேலே எழும்பும். பதறிப்போய் முன்னால் தள்ளுவேன். மூக்குச் சக்கரம் முதலில் பட்டுத் துள்ளும். உடனே த்ராட்டிலை முழுக்கத் திறந்து இன்ஜின் விசையைக் கூட்டி, கோ-அரவுண்ட்: இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வருவது. ஒரு நாள் எட்டு முயற்சிகளில் ஆறு இப்படியே முடிந்தன. கையில்தான் பிழை என்று நினைத்து, இழுக்கும் வேகத்தையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழை இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, வேகம். இறுதி அணுகலில் 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேண்டும். வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் ஸ்டால் பற்றிய பயத்தில் நான் 75-இல் வந்தேன். இறக்கையின் பின்விளிம்புத் தட்டுகளான ஃபிளாப்பை முழுதாக இறக்கியிருந்தால் இந்த விமானம் 40 நாட்டுக்குப் பக்கத்தில்தான் ஸ்டால் ஆகும். ஆகவே 65 தாராளமான வேகம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 75-இல் வரும் விமானம் 65-இல் வருவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைச் சுமந்து வருகிறது. இறக்கையின் முனைக்கு முனை 36 அடி. அவ்வளவு உயரத்துக்குக் கீழே வந்ததும் தரைக்கு அருகே காற்றின் இழுவையைக் குறைக்கும் தரை விளைவு வேறு சேர்ந்துகொள்ள, விமானம் மிதந்துகொண்டே போகும். அந்த நிலையில் சற்றே இழுத்தாலும் எழும்பத்தான் செய்யும்.

இரண்டாவது, கண். நான் மூக்குக்கு நேர் கீழே ஓடும் தார்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எல்லாம் கலங்கி ஓடுவதால் உயரம் தெரியாது. பார்வையை ஓடுபாதையின் மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் கண் போகவில்லை.

பயிற்றுநர் தந்த மருந்து இதுதான்: இறங்கவே கூடாது. த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைத்து, 5,200 அடி நீள ஓடுபாதைக்கு மேல் இரண்டு மூன்று அடி உயரத்திலேயே பறந்துபோய், முடிவதற்கு முன் மேலேற வேண்டும். ஐந்து முறை செய்தேன். இறங்கும் அவசரம் இல்லாததால் கண் தானாகவே தூரத்துக்குப் போனது. அடிவானம் மெல்ல உயர்வதும் தாழ்வதும் முதல்முறையாகத் தெரிந்தது. ஆறாவது சுற்றில் 65 நாட்டில் வந்து த்ராட்டிலை மூடினேன். பிரதான சக்கரங்கள் கீச்சிட்டுத் தொட்டன. அந்தச் சத்தத்தை நான் மறக்கப்போவதில்லை.

சோலோவில் வலது இருக்கை காலியானதும் விமானம் சட்டென்று மேலேறியது. நிலையத்தைச் சுற்றிவரும் சுற்று உயரத்தை நினைத்ததைவிடச் சீக்கிரம் எட்டிவிட்டேன்.

ஹெட்செட் பற்றி ஒரு வார்த்தை. பணத்தை மிச்சப்படுத்த இணையத்தில் பழையது ஒன்று வாங்கினேன். இரண்டாம் வாரமே மைக் போய்விட்டது, விற்றவர் பதிலே தரவில்லை. இப்போது பச்சை நிற டேவிட் கிளார்க். கனம்தான், ஆனால் உழைக்கிறது.

தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் வேண்டும். அதில் 10 மணி நேரம் சோலோ. சனிக்கிழமை மூன்று முறையும் முழுதாக நிறுத்தி, திரும்ப ஓட்டி வந்து ஏறினேன். லிவர்மோரில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருப்பதால், கோபுரமுள்ள நிலையத்தில் தனியாக மூன்று முறை என்ற நிபந்தனையும் அத்தோடு தீர்ந்தது. இரவுப் பறப்பு 3 மணி நேரமும், அதில் 10 தரையிறக்கங்களும் பாக்கி.

மனம் ஏற்கெனவே உரிமத்துக்கு வேண்டிய நீண்ட தனிப் பயணத்தில் இருக்கிறது. 150 கடல் மைல், மூன்று இடங்களில் தரையிறக்கம், ஒரு கட்டமாவது 50 மைலுக்கு மேல். லிவர்மோர், மெர்செட், சலீனாஸ், மீண்டும் லிவர்மோர் என்று வரைபடத்தில் கோடு போட்டுவிட்டேன். 190 மைலுக்கு மேல் வருகிறது. சலீனாஸில் காலையில் கடல்மேகம் மூடிக்கொள்ளும் என்பதால் மெர்செட்டுக்கு முதலில் போகிறேன். ஆனால் திரும்பும்போது லிவர்மோரில் பிற்பகல் காற்று எழும்பியிருக்கும். கிழக்கே அல்டமான்ட் கணவாய் முழுக்கக் காற்றாலைகள். முப்பந்தலைக் கடந்து நாகர்கோவில் போனவர்களுக்கு அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் சோலோ ஒப்புதலில், ஓடுபாதைக்குக் குறுக்காக வீசும் குறுக்குக் காற்று 6 நாட்டுக்கு மேல் கூடாது என்று பயிற்றுநர் எழுதியிருக்கிறார். அந்த ஒப்புதலும் 90 நாளுக்குத்தான் செல்லும். ஆகவே வரும் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு, காற்று நன்றாக அடிக்கும் நேரமாகப் பார்த்து, பயிற்றுநரோடு விமானத்தைப் பதிவு செய்திருக்கிறேன்.