திரைக்கு அந்தப் பக்கம்: சென்னையில் ஒரு நாள்

பழங்காலத் தலைமைக் குருமார் என்றதும் எகிப்து, எருசலேம், ரோமாபுரி என்று மனம் ஓடும். அங்கெல்லாம் அந்தப் பதவிகள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. அந்த வேலை எப்படி நடந்திருக்கும் என்று உணர, சென்னையிலேயே ஒரு நாள் சுற்றினால் போதும்.

காலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பலர் தீபாராதனை நேரத்துக்குச் சரியாகப் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். குருக்களின் வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஆகவே அபிஷேகத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். சைவ ஆகமத்தில், அதாவது சிவன் கோயில் வழிபாட்டு விதிநூலில், பூஜைக்கு 5 சுத்திகள் உண்டு: ஆன்மா, இடம், திரவியம், மந்திரம், லிங்கம். முதலில் தன்னைச் சுத்தி செய்துகொள்ள வேண்டும், லிங்கம் கடைசியில்தான். பிறப்பு மட்டும் போதாது. சமயம், விசேடம், நிருவாணம் என்று தீட்சைகள் பெற்று, குருவாக அமர்த்தும் ஆசாரிய அபிஷேகமும் ஆனவருக்கே ஊருக்காகச் செய்யும் பரார்த்த பூஜை. நைவேத்தியத்தின்போது திரை விழும். உள்ளே ஒருவர், வெளியே ஊர்.

எருசலேமில் யூதர்களின் ஆலயத்திலும் திரை இருந்தது. ஆண்டில் ஒரே நாள், பாவநிவாரண நாளில், தலைமைக் குரு மட்டும் அதைத் தாண்டுவார். 7 நாள் முன்பே அவரை வீட்டிலிருந்து பிரித்து ஆலயத்தில் தங்கவைப்பார்கள். அன்று 5 முறை முழுக்கு, 10 முறை கைகால் கழுவல். 12 கற்கள் பதித்த மார்ப்பதக்கத்தையும் பொன்னுடையையும் கழற்றி, வெறும் வெள்ளை உடையில் நுழைவார். கடைசி நேரத்தில் தீட்டுப்பட்டால் என்ன செய்வது? அதற்கென்றே இன்னொரு குருவைத் தயாராக வைத்திருந்தார்கள். கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை அழித்ததோடு எல்லாம் நின்றது.

எகிப்தில் விதிப்படி பூசகர் அரசர் ஒருவரே. தலைமைக் குரு அவருக்குப் பதிலாள். விடியலில் கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைப்பார், தாழை நீக்குவார், சிலைக்கு ஆடை சாத்தி, தைலம் பூசி, உணவு படைப்பார். வெளியேறும்போது தன் காலடித் தடத்தைக்கூடப் பெருக்கி அழித்துவிட்டுத்தான் மறுபடி முத்திரையிடுவார். மயிலையில் காலைப் பூஜை பார்த்தவருக்கு இது அந்நியமாகவே படாது.

நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் திருவல்லிக்கேணிக்குச் சீக்கிரம் கிளம்புங்கள். பார்த்தசாரதி கோயிலில் வைகானசம் என்ற வைணவ ஆகமம். மயிலையில் பிறப்பு மட்டும் போதாது என்றால், இங்கே அந்த ஆகமத்தின் பட்டாச்சாரியார்கள் தாயின் வயிற்றிலேயே வைணவர்கள் என்பது மரபு.

ரோமாபுரித் தலைமைக் குருவின் பெரிய பொறுப்பு நாட்காட்டி. எப்போது கூடுதல் மாதம் சேர்ப்பது என்று அவரது குழுதான் முடிவு செய்யும். அதைச் சரிவரச் செய்யாமல் விட்டதில் நாட்காட்டி பருவத்தைவிட்டு ஏறத்தாழ 3 மாதம் விலகிப்போனது. கி.மு. 63 முதல் அப்பதவியில் இருந்த ஜூலியஸ் சீசர், கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாளாக நீட்டித்தான் சரிசெய்தார். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களும் முரண்படும்போது வீட்டில் நடக்கும் விவாதத்தை நினைத்தால், அந்த அதிகாரத்தின் கனம் நமக்குப் புரியும்.

மாலையில் ராயபுரம், அரத்தூன் சாலை. 1910-இல் எழுந்த பார்சி அக்கினிக் கோயில் இங்கே இருக்கிறது. உள்ளே நெருப்புக்கு நாளைக்கு 5 வேளை வழிபாடு. மூச்சும் எச்சிலும் படாதபடி குரு வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் மூடியிருப்பார். பார்சி அல்லாதவருக்கு அனுமதி இல்லை. வாசலில் நின்று வாதாட வேண்டாம். காலையில் மயிலையிலும் நாம் திரைக்கு இந்தப் பக்கம்தானே நின்றோம்.