தலை போகிற காரியம்
கிறுக்குத்தனமான காமெடிப் படம் ஓட்டுவதில் தியேட்டர்காரருக்கு ஒரு வசதி. ப்ரொஜக்டரில் எது கோளாறானாலும் இயக்குநர் கணக்கில் எழுதிவிடலாம். நேற்று ராத்திரி நம்ம சின்னத் தியேட்டரில் முதல் இருபது நிமிஷம் ஒருத்தருக்கும் நெற்றி கிடையாது. கதாநாயகன் தொப்பியைக் கழற்றப் போனால் கை மட்டும் மேலே போய்க் காணாமல் போகிறது. அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. பின்வரிசையில் ஒரு தாத்தா, "மனுஷன் தன்னைத் தொலைச்சுட்டான்டா, அதைத்தான் காட்டுறான்" என்று பேரனுக்கு உரை வேறு.

தொலைந்தது மனுஷன் இல்லை, படத்தின் 222 பிக்சல் வரி. படம் ஃப்ளாட் என்கிற உயரம் கூடிய வடிவம்: 1998 பிக்சல் அகலம், 1080 உயரம். லென்ஸ் நின்றதோ ஸ்கோப் என்கிற அகல வடிவத்துக்கான ஜூமில், அதாவது 2048-க்கு 858. 858 வரி நிறைக்கிற திரையில் 1080-ஐ விட்டால் மேலே 111, கீழே 111 வழிந்துதானே ஆகணும்? உற்றுப் பார்த்தால் திரைக்கு மேலே கறுப்பு மாஸ்கிங் துணியில் கதாநாயகியின் கொண்டை மங்கலாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே போனது சப்டைட்டில். இரண்டு வரி வந்தால் மேல்வரி மட்டும் தெரியும். கேள்வி உண்டு, பதில் கிடையாது. அதற்கும் சிரிப்பு.

ஸ்கோப்புக்கு எப்படிப் போச்சு? ட்ரெய்லர். விளம்பரம் ஃப்ளாட், ட்ரெய்லர் ஸ்கோப், படம் மறுபடி ஃப்ளாட். பிளேலிஸ்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாக ஒரு க்யூ, அதாவது லென்ஸை மாற்றச் சொல்லும் கட்டளை, வைக்கணும். அதுவும் நடுவில் சில வினாடி கறுப்பு விட்டு வைக்கணும், இல்லாவிட்டால் லென்ஸ் மோட்டார் நகர்வதும் இலவசக் காட்சியாகிவிடும். எது எந்த அளவு என்று மண்டையை உடைக்க வேண்டாம். படத்தின் ஃபைல் பெயரிலேயே எஃப்டிஆருக்கு (முழுநீளப் படம் என்பதன் சுருக்கம்) அடுத்து 'எஃப்' இருந்தால் ஃப்ளாட், 'எஸ்' இருந்தால் ஸ்கோப். இந்த மாதிரிப் படங்கள் நடுவில் திடீரென்று சதுரமாகச் சுருங்கும். அது ஃப்ளாட்டுக்குள்ளேயே கறுப்புப் பட்டையோடு வருவது, அப்போது லென்ஸைத் தொடவே கூடாது. தொடுவார்கள்.

ஃபிலிம் காலத்தில் கேபினில் ஒரு ஆபரேட்டராவது உட்கார்ந்திருப்பார். இப்போது டிக்கெட் கொடுப்பது, கிழிப்பது, டார்ச் அடிப்பது எல்லாம் ஒரே தம்பி. முதலில் ஒருத்தர் வெளியே போய், "படம் சரியில்லையே" என்றார். "அது அவங்கவங்க டேஸ்ட்டுங்க சார்" என்று பதில் வந்தது. அப்புறம் ஒரு அக்கா எழுந்து போய், "தம்பி, ஃப்ளாட் படம் ஸ்கோப்ல ஓடுது" என்றார். புகார் என்றால் இப்படித்தான் சொல்லணும், ஒரு வரி போதும். தம்பி மாடிக்கு ஓடினான், ஒரு பட்டன், எல்லார் தலையும் கீழே இறங்கி வந்தது.

வந்ததிலிருந்து சிரிப்பு பாதியாகிவிட்டது, அது வேறு விஷயம்.

அடுத்த காட்சிக்கு மறக்காமல் ஃப்ளாட் க்யூ வைத்தாச்சாம். எங்கே வைத்தாய் என்று அந்த அக்கா கேட்டதற்கு, "ட்ரெய்லருக்கு முன்னாடிக்கா" என்றான்.