சினிமா பார்த்து வரையக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு

ஓவியக் கல்லூரி, டிசைன் கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, என்னென்ன படம் பார்க்கணும்? ஒரு லிஸ்ட் கொடுங்க" என்பதுதான். லிஸ்ட் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. சாவதற்குள் பார்க்க வேண்டிய நூறு படங்கள் என்று யாராவது போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வரையக் கற்றுக்கொள்பவருக்கு அந்த நூறும் வேண்டாம். மூன்று நான்கு படங்களை எடுத்துக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கரைத்துக் குடித்தால் போதும்.

நான் படித்தது எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய இடம் அது. இப்போது குழந்தைகள் புத்தகங்களுக்கும் பத்திரிகைக் கதைகளுக்கும் வரைகிறேன். உடற்கூறு, நிறம், கோட்டின் அழுத்தம் எல்லாம் வகுப்பில் வந்தன. ஒரு கட்டத்துக்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது என்பது மட்டும் எனக்குப் படங்களிலிருந்துதான் வந்தது. நுழைவுத் தேர்வில் மற்ற பிள்ளைகளிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டுவதும் பெரும்பாலும் அதுதான். கை நன்றாக ஓடுகிற பிள்ளைகள் அந்த அறையில் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில் கட்டத்தைப் போடுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் திரை கிட்டத்தட்ட 1.37க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். நோட்டில் 55 மில்லிமீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் உயரம் என்று கோடு போட்டால் அந்த வடிவம் வந்துவிடும். சினிமாஸ்கோப் படம் என்றால் அதே உயரத்துக்கு 94 மில்லிமீட்டர் அகலம். ஸ்கேல் வைத்து ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிதாகப் போடாதீர்கள். கட்டம் பெரிதானால் கை தானாக மூக்கையும் கண் இமையையும் தேடிப் போய்விடும்.

அப்புறம் படத்தை நிறுத்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். மூன்றே நிறம்: காகிதத்தின் வெள்ளை, நடுவில் ஒரு சாம்பல், அடர்ந்த கறுப்பு. 6பி பென்சில் ஒன்று போதும். முகம் வேண்டாம், சட்டைப் பொத்தான் வேண்டாம். எங்கே இருட்டு குவிந்திருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது, ஆள் கட்டத்தின் எந்த மூலையில் நிற்கிறார், அவ்வளவுதான். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவழித்தால் நீங்கள் அழகுபடுத்தத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

இதற்கு நான் முதலில் கொடுப்பது எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. 1954இல் வந்தது, ஏவி.எம். படம், ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. படம் தொடங்கியதும் கொலை. பிறகு அதை விசாரிக்கப் போக, ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கதை விறுவிறுப்பானது என்பதால் முதல் முறை நோட்டைத் தொடாமல் பார்த்துவிடுங்கள். இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு, நிழலை மட்டும் பாருங்கள். சுவரில் விழும் நிழல், முகத்தில் பாதி மட்டும் வெளிச்சம், கதவு நிலைக்குள் அடைபட்டு நிற்கும் ஆள். நிறம் இல்லாததால் மாணவருக்குக் குழப்பம் இல்லை. எது இருட்டு, எது வெளிச்சம் என்ற ஒரே கேள்விதான். நிழலை வைத்தே ஒருவர்மேல் சந்தேகம் வரவைக்க முடியும் என்பது வரைந்து பார்க்கும்போது புரியும். பத்திரிகையில் துப்பறியும் கதைக்குப் படம் போடும் வேலை வந்தால் இன்றும் அந்த நோட்டைத்தான் எடுத்துப் புரட்டுகிறேன்.

நிறுத்தி நிறுத்தி வரைவதிலேயே தங்கிவிடக் கூடாது. அது பார்த்து எழுதுவது மாதிரி. அடுத்த படி, ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை இடையில் நிறுத்தாமல் பார்த்துவிட்டு, திரையை அணைத்துவிட்டு, நினைவில் இருக்கும் கட்டங்களை மட்டும் வரைவது. பிறகு மறுபடி ஓடவிட்டு ஒப்பிடுங்கள். எது நினைவில் நின்றதோ அதைத்தான் இயக்குநர் உங்கள் கண்ணுக்கு முன் நிறுத்தியிருக்கிறார். எது விட்டுப்போனதோ அது பெரும்பாலும் பின்னணி. இந்தப் பயிற்சிக்கு இன்னொரு பயனும் உண்டு: நான் எழுதிய திறனறித் தேர்வில் நினைவிலிருந்து வரையும் பகுதி இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் பயமில்லாமல் உட்கார்ந்தேன்.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்சி நடக்கும் அறையை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு வரைபடம் போடுங்கள். கட்டில் எங்கே, ஜன்னல் எங்கே, ஆட்கள் எங்கே, கேமரா எங்கே நின்றது. ஷாட் மாறும்போதெல்லாம் கேமராவுக்கு ஒரு அம்புக்குறி. முதலில் தலை சுற்றும், ஆனால் விடாதீர்கள். டிசைன் பட்டப்படிப்புக்காக ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வில் கையால் வரைய வேண்டிய பகுதி உண்டு. தேசிய டிசைன் கல்லூரியான என்ஐடியின் தேர்விலும் வரைய வேண்டும். "மழை பெய்யும் பஸ் ஸ்டாண்டை, மேல் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பது போல" என்கிற மாதிரி ஒரு கேள்வி வந்தால், மனத்துக்குள் கேமராவைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை. விடையை வரையும் முன் ரஃப் தாளில் மூன்று சின்னக் கட்டம் போட்டு, மூன்று கோணத்தில் முயன்று பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நேரம் வீணாகுமே என்று தோன்றும். பாதி வரைந்த பிறகு கோணம் சரியில்லை என்று அழிப்பதில் போகும் நேரத்தோடு பார்த்தால் இது ஒன்றுமேயில்லை.

கேமராவின் உயரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் வரையும் படங்களில் தொண்ணூறு சதவீதம் நின்றுகொண்டு பார்ப்பவரின் உயரத்திலிருந்தே இருக்கும் (கணக்கெடுத்துச் சொல்லவில்லை, என் ஆதங்கம்). ஜப்பானிய இயக்குநர் ஓசு பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே கேமராவை வைப்பார், பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டும். அவருடைய 'டோக்கியோ ஸ்டோரி', 1953இல் வந்தது, நிதானமான படம். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் வயதான பெற்றோர் கதை. அதைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து வரைந்து பாருங்கள். நாமும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, காய் நறுக்கி, தாயம் ஆடி வளர்ந்தவர்கள்தான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அடுக்களை வாசற்படி பெரிதாகிவிடும், நிற்பவரின் முகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும், உட்கார்ந்திருக்கும் பாட்டி சட்டென்று உங்களுக்குச் சமமாகிவிடுவார். ஒரு குழந்தைக் கதையில் எந்த உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைத் தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெளிச்சத்துக்கு பாலுமகேந்திராவின் 'வீடு'. 1988இல் வந்தது, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவரே. முழுப் படத்தையும் வரைய முடியாவிட்டால், சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வரும் காட்சியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பூசாத செங்கல் சுவர், கதவு வைக்காத வாசல்கள், உள்ளே விழும் பகல் வெளிச்சம், தொட்டுத் தொட்டு நடக்கும் ஒரு கிழவர். பேச்சே கிடையாது. இதை வரையும்போது தாத்தாவை எவ்வளவு சிறிதாகப் போட வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். உணர்ச்சி என்றால் முகத்தைப் பெரிதாக்கிக் கண்ணில் இரண்டு சொட்டு வைப்பது என்று நினைக்கும் பழக்கம் இதோடு போய்விடும்.

சுயாதீனப் படங்கள் பக்கம் நான் அதிகம் சாய்வதற்குக் காரணம் கலைப் படம் என்ற மரியாதை இல்லை, சோம்பேறித்தனம் என்றுகூடச் சொல்லலாம். பெரிய படங்களில் ஷாட் கண்மூடித் திறப்பதற்குள் மாறிவிடுகிறது, வரைய எதுவும் கையில் நிற்பதில்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் எடுக்கும் படங்களில் ஆட்கள் குறைவு, இடங்கள் குறைவு, ஷாட் நெடுநேரம் நிற்கிறது. இல்லஸ்ட்ரேட்டரின் நிலைமையும் அதேதான்: ஒரு காகிதம், இரண்டு ஆள், ஒரு மரம். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஒரு அப்பன், ஒரு பையன், கொளுத்தும் வெயிலில் நடை. வெயிலை எப்படி வரைவது என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மஞ்சளைப் பூசினால் வெயில் வராது. வெறும் காகிதத்தை எவ்வளவு தைரியமாக விடுகிறீர்கள், கறுப்பை எவ்வளவு சிறிய இடத்துக்குள் அடக்குகிறீர்கள் என்பதில்தான் வெயில் இருக்கிறது.

இதெல்லாம் சினிமாக்காரர்களிடமிருந்து ஓவியர்கள் கடன் வாங்கும் கதை மட்டும் இல்லை. சத்யஜித் ராய் சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தவர். 1943இல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ் புத்தகங்களுக்கு அட்டை வரைந்தார். அங்கேதான் விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்குப் படம் போட்டார். அந்தப் படங்கள் சில பிற்பாடு, 1955இல் வந்த திரைப்படத்தில் காட்சியாகவே மாறின. முறையான திரைக்கதைக்குப் பதிலாக அவர் கையில் இருந்தது குறிப்புகளும், மையில் வரைந்த காட்சிப் படங்களும்தான். ஈரானின் கியரோஸ்தமியும் அப்படித்தான்: நுண்கலை படித்தவர், விளம்பரமும் குழந்தைகள் புத்தகமும் செய்தவர். 1987இல் வந்த அவருடைய 'நண்பனின் வீடு எங்கே?' படத்தில் குன்றின்மேல் வளைந்து வளைந்து ஏறும் ஒரு பாதை வரும். அது தானாக அமைந்த பாதை இல்லை, படத்துக்காக அவர் போட வைத்தது. ஒரு மலையை எடுத்துக்கொண்டு அதன்மேல் கோடு இழுத்த மனிதர்! ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா, 'ககெமுஷா' படத்துக்குப் பணம் கிடைக்காமல் இழுத்தபோது, காட்சிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டிக்கொண்டிருந்தார். இளம் வயதில் ஓவியராக ஆசைப்பட்டவர்தான் அவர். வீட்டில் யாராவது "படம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, படிக்கலையா?" என்று கேட்டால் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். என் அம்மாவிடம் எடுபடவில்லை, அது வேறு விஷயம்.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது கல்லூரியில் காட்டுவதற்காக நீங்கள் வரைந்தவற்றைச் சேர்த்து வைக்கும் தொகுப்புக்கு, வருகிறேன். பிரபலமான சினிமா ஸ்டில்லை அச்சு அசலாக வரைந்து அதில் வைக்காதீர்கள். பார்க்கிற ஆசிரியருக்கு அந்த ஸ்டில் உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த ஃபிரேமை யோசித்தது ஒளிப்பதிவாளர், நீங்கள் இல்லை என்பதும் தெரியும். நடிகர் முகத்தைத் தத்ரூபமாக வரைந்த படங்கள் உறவினர்களிடம் கைதட்டு வாங்கும், தேர்வாளரிடம் வாங்காது. சின்னக் கட்டப் பயிற்சிகளை வைக்கலாம், தனியாக, 'ஆய்வு' என்று எழுதி, எந்தப் படம், யார் ஒளிப்பதிவு என்ற விவரத்தோடு. அதை அடுத்து, அந்தப் பயிற்சியிலிருந்து பிறந்த உங்கள் சொந்தப் படம் ஒன்றை வையுங்கள். 'வீடு' வரைந்தவர் தன் தெருவில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டைப் போய் வரையட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று நேர்முகத்தில் பேசுவதற்கும் விஷயம் கிடைக்கும். "பிடித்த இயக்குநர் யார்?" என்று கேட்டால் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், ஒரு ஷாட்டை விவரிக்கத் தெரிய வேண்டும். கூடவே பென்சில் அப்பிய, டீ கொட்டிய நோட்டையும் எடுத்துப் போங்கள். மாணவர்கள் அதை மறைத்துவிட்டு லேமினேட் செய்த ஏ3 தாள்களை நீட்டுகிறார்கள். நான் தேர்வாளராக உட்கார்ந்தால் முதலில் கேட்பது நோட்டைத்தான்.

படிப்பு முடிந்து வேலைக்கு வந்த பிறகும் இந்தக் கட்டங்கள் விடவில்லை. குழந்தைகள் படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். கதைப் பிரதி வந்ததும் ஒரே தாளில் எல்லாப் பக்கங்களையும் தீப்பெட்டி அளவுக்கு வரைந்து ஒட்டிவிடுவேன். எது தூரக் காட்சி, எது நெருக்கம், எந்த இடத்தில் ஆளே இல்லாத வெற்றுத் தெரு, எல்லாம் அதில் தெரிந்துவிடும். படத்தில் வெட்டு விழும் இடம் புத்தகத்தில் பக்கம் புரட்டும் இடம். ஆச்சரியத்தை வலது பக்கத்தில் வைத்தால் குழந்தை புரட்டும் முன்பே பார்த்துவிடும். புரட்டியதும் வரும் இடது பக்கத்தில் வைக்க வேண்டும். நெருக்கமான முகம் மூன்று பக்கம் தொடர்ந்து வந்தால் மூச்சு முட்டும், நடுவில் ஒரு வெளிக்காட்சி வேண்டும். பதிப்பாசிரியரிடம் முதலில் காட்டுவதும் இந்தத் தாளைத்தான். முழுசாக வண்ணம் தீட்டிய பிறகு பக்கத்தை மாற்றச் சொன்னால் ஒரு வாரம் போகும். தீப்பெட்டி அளவில் மாற்றச் சொன்னால், ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, அவர் எதிரிலேயே வேறு ஒன்று போட்டுக் கொடுத்துவிடலாம்.