ஒன்பது இரவு, ஒரே வீடு: நீஸ் பயணத்துக்குத் திட்டமிட்ட கதை

2025 மே விடுமுறையில் குடும்பத்தோடு ஐரோப்பா போவது என்று முடிவானதும், என் கணவர் முதலில் தயாரித்த பட்டியலில் பத்து நாட்களுக்கு ஏழு ஊர்கள் இருந்தன. பார்சிலோனாவில் தொடங்கி, மார்செய், நீஸ், மொனாக்கோ, ஜெனோவா, பீசா என்று மத்தியதரைக் கடலை ஒட்டியே போய் ரோமில் முடியும் திட்டம் அது. வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்து அவர் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இதுல எத்தனை தடவை பெட்டி கட்டணும் மாப்பிள்ளை?”

எண்ணிப் பார்த்தோம். ஊர் மாறுவதற்கு மட்டுமே ஆறு தடவை. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இடது முழங்காலில் தேய்மானம். மகளுக்கு ஒன்பது வயது, தன் பையைத் தானே இழுத்துக்கொள்வாள். மகனுக்கு நான்கு, பையையும் இழுக்க மாட்டான், பாதி வழியில் தன்னையும் தூக்கச் சொல்வான். ஆகவே பட்டியலில் இருந்த ஏழில் ஆறு அன்றிரவே அடிபட்டன. எஞ்சியிருக்கப்போகும் அந்த ஒன்று எது என்பதை முடிவு செய்யத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.

பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் அழகு அல்ல. அந்தக் கரையில் அழகில்லாத ஊர் எது? விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து இரண்டாம் எண் டிராம் நேராகத் துறைமுகம்வரை போகிறது, கடற்கரைச் சாலை மேடு பள்ளமில்லாமல் சமதளமாக 7 கிலோமீட்டர் நீள்கிறது, பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கடலோரமாகவே ரயில் ஓடுகிறது என்ற நான்கு விஷயங்களும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது என்பதால்தான். முழங்கால் வலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் உள்ள குடும்பத்துக்கு இவை ஓவியங்களையும் அரண்மனைகளையும்விட முக்கியம்.

தேதி குறிப்பதில் ஒரு சிக்கல் காத்திருந்தது. எங்கள் பள்ளி விடுமுறை மே மாதம் முழுவதும் இருந்ததால் நாங்கள் முதலில் மூன்றாம் வாரத்தைப் பார்த்தோம். பிடித்த வீட்டின் வாடகை அந்த வாரத்தில் மட்டும் முதல் வாரத்தைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: பக்கத்தில் உள்ள கான் நகரில் அப்போது திரைப்பட விழா; அது முடிந்த கையோடு மே 25 அன்று மொனாக்கோவில் கார்ப் பந்தயம். இரண்டுக்கும் வருகிற கூட்டம் நீஸ்வரை நிரம்பி வழிகிறது. நாங்கள் மே 2 முதல் 11 வரை என்று மாற்றிக்கொண்டோம். இதற்குக் கொடுத்த விலை கடல்நீரின் குளிர். மே தொடக்கத்தில் அங்கே வெயில் இதமாக இருந்தாலும் தண்ணீர் 17 டிகிரி அளவில்தான் இருக்கும். மெரினாவில் கால் நனைத்துப் பழகிய பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தேன், நம்பவில்லை.

விசா வேலையை பிப்ரவரியிலேயே தொடங்கினோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விதி. அதிக இரவுகள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு; ஏழு ஊர்த் திட்டமாக இருந்திருந்தால் பிரான்சா இத்தாலியா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்போம். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே கட்டணமில்லை என்ற கணக்கில் எங்கள் ஐவருக்கும் சேர்த்து 315 யூரோ ஆயிற்று. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். இணையத்தில் இறக்கி அச்சடித்த வங்கிக் கணக்கு விவரத்தில் வங்கி முத்திரை இல்லை என்று கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மதியம் என் கணவர் ஆட்டோவில் வங்கிக்கு ஓடிப் போய் முத்திரை வாங்கி வந்த கதையை இங்கே நீட்ட வேண்டாம். முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீட்டிச் சொல்ல வேண்டியது பெயர் விவகாரம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உண்டு. குடும்பப் பெயருக்கான இடம் காலி. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். இனிஷியலை விரித்துத் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ அங்கே எழுதிக்கொள்ளும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு முன் இல்லை. ஆனால் விமானச் சீட்டு எடுக்கும் தளங்கள் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகர விடுவதில்லை. அப்பாவின் பெயரைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போட்டிருந்தால் சீட்டில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயருமாகி நிற்போம். விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டதில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரை இரண்டு கட்டங்களிலும் எழுதச் சொன்னார்கள். அப்படியே செய்தோம். சீட்டில் தன் பெயர் இரண்டு முறை அச்சாகியிருப்பதைப் பார்த்த அம்மா, “ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு ஆளா?” என்றார். நிறுவனத்துக்கு நிறுவனம் இது வேறுபடுமாதலால், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெளிவது நல்லது.

வீடு தேடும்போது எல்லாரும் பழைய நீஸைத்தான் பரிந்துரைத்தார்கள். மஞ்சளும் காவியும் பூசிய உயரமான வீடுகள், கைநீட்டினால் எதிர்வீட்டுச் சன்னலைத் தொடலாம் போன்ற சந்துகள். புகைப்படத்தில் மயங்கிப்போய் ஒரு வீட்டைக் கிட்டத்தட்ட உறுதி செய்துவிட்டேன். கடைசி நேரத்தில் விவரத்தின் அடியில் சிறிய எழுத்தில் கண்ணில் பட்டது: நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தப் பகுதியின் பழைய கட்டடங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை. பிறகு பழைய நகரத்தின் விளிம்பில், கரிபால்தி சதுக்கத்துக்கு அருகே லிஃப்ட் உள்ள வீடு ஒன்றை எடுத்தோம். இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்தி 1807-இல் இந்த ஊரில்தான் பிறந்தார். 1860-இல் ஊர் பிரான்சுக்குக் கைமாறியதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. எங்களுக்கு அவர் செய்த உதவி வேறு. விமான நிலைய டிராமும், ரயில் நிலையத்துக்குப் போகிற முதலாம் எண் டிராமும் அவர் பெயர் கொண்ட நிறுத்தங்களில் நிற்கின்றன. வாடகைக்கு மேல் பெரியவர் ஒருவருக்கு இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியும் உண்டு என்பதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சமையலறை உள்ள வீடாக எடுத்ததற்கு அம்மாவின் சைவ உணவு முக்கியக் காரணம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வற்றல், சிறிய மின்சாரக் குக்கர் எல்லாம் பெட்டியில் ஏறின. நெய் மட்டும் ஏறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணிகள் பால் பொருட்களையும் இறைச்சியையும் கொண்டுவரக் கூடாது என்ற விதியை நான் காட்டியபோது, நெய் எப்படிப் பாலாகும் என்று அம்மா வாதிட்டுப் பார்த்தார். போன மறுநாளே அங்குள்ள கடையில் உப்பில்லாத வெண்ணெய் வாங்கி, அந்த அடுப்பிலேயே உருக்கினார். வெண்ணெய் பொரிந்து அடங்கி, அடியில் செம்மை படரும் நேரத்தில் கையை நீட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். முருங்கைக்கீரைக்கு நீட்டிய கை அது.

வெளியே சாப்பிடுவதற்கும் கொஞ்சம் முன்னேற்பாடு தேவைப்பட்டது. நீஸின் பெருமையான சோக்கா என்பது கொண்டைக்கடலை மாவை நீரிலும் ஆலிவ் எண்ணெயிலும் கரைத்து, அகலமான செப்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் சுட்டு, மிளகு தூவித் தருவது. அம்மா அதைக் கடலை மாவுத் தோசை என்று ஒரே வாய்க்குள் வகைப்படுத்திவிட்டார். சுக்கினிப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள். நம் பூசணிப்பூ பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஏமாற்றக்கூடியது பிஸ்ஸலதியேர். வெங்காயத்தை இனிக்க வதக்கிப் பரப்பிய ரொட்டி போலத் தெரிகிற அதில் நெத்திலி மீன் உண்டு. மேலே அடுக்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். உப்பிட்ட மீன் விழுதாக வெங்காயத்தோடு கலந்திருந்தால் தெரியாது. அந்தப் பெயரே அந்த விழுதிலிருந்து வந்ததுதான். ‘சான் வியாந்த், சான் புவாசோன்’, அதாவது இறைச்சியும் மீனும் வேண்டாம் என்பதை மகள் மனப்பாடம் செய்துகொண்டு, ஒவ்வொரு கடையிலும் பாட்டிக்காக ஒப்பித்தாள்.

நாங்கள் கோட்டை விட்டது நேரக் கணக்கில். மதியம் இரண்டரை மணி வாக்கில் பெரும்பாலான உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடுகிறது, மறுபடி ஏற்றுவது மாலை ஏழு மணியளவில்தான். முதல் நாள் நான்கு மணிக்குப் பசியோடு நான்கு தெரு அலைந்து, கடைசியில் ரொட்டிக்கடையில் தஞ்சம் புகுந்தோம். சூரியன் மறைவதோ இரவு எட்டே முக்கால் வாக்கில். வெளிச்சம் இருக்கும்வரை தூங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மகனுக்கு இந்த ஊர் பெரிய சட்ட உதவி செய்தது.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை என்று வகுத்துக்கொண்டோம். பூச்சந்தை நடக்கும் கூர் சலேயாவில் திங்கட்கிழமை பூவுக்குப் பதில் பழம்பொருட்கள் விற்பார்கள். செவ்வாயன்று மத்தீஸ், ஷகால் என்ற ஓவியர்களின் அருங்காட்சியகங்கள் இரண்டுமே மூடியிருக்கும். ஆகவே செவ்வாய் கடலுக்கு. அதுவும் நீஸ் கடலுக்கு அல்ல. நீஸின் கரையில் மணல் கிடையாது. உள்ளங்கை அளவுச் சாம்பல் நிறக் கூழாங்கற்கள்தான். வெறுங்காலில் நடந்தால் ஐந்தாவது அடியில் முகம் கோணும். அலை பின்வாங்கும்போது ஆயிரம் கற்கள் ஒன்றோடொன்று உருண்டு எழுப்பும் கலகல ஓசை மணற்கரையில் கேட்க முடியாதது. அதைக் கேட்பதற்காகவே அம்மா நீல நாற்காலியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். ஆனால் சில அடிகளிலேயே கடல் ஆழமாகிவிடுவதால் நான்கு வயதுப் பையனை அங்கே இறக்க எனக்குத் தைரியமில்லை. ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடக்கூடிய வில்ஃப்ராஞ்ச் ஊரில், நிலையத்துக்குக் கீழேயே மணலும் ஆழமற்ற நீருமாக ஒரு வளைகுடா இருக்கிறது. அங்கே இறங்கிய மகன் முழங்கால்வரை போய், “அம்மா, ஃபிரிட்ஜ் தண்ணி!” என்று அலறிக்கொண்டு திரும்பி வந்தான். பிறகு அவன் மணல் தோண்டுவதோடு நிறுத்திக்கொண்டான். நீஸ் கரையிலிருந்து அவன் கால்சட்டைப் பையில் கொண்டுவந்த மூன்று கற்களை மாலையில் திரும்பக் கொண்டுபோய்ப் போட வைத்தேன்; கற்களை எடுத்துச் செல்வது பிரான்சில் சட்டப்படி குற்றம்.

கோட்டைக் குன்றுக்கு நாங்கள் போனது வியாழக்கிழமை. கோட்டை அங்கே இல்லை; பதினான்காம் லூயியின் ஆணைப்படி 1706-இல் இடித்துவிட்டார்கள். படி ஏற முடியாதவர்களுக்குக் கடற்கரையோரம் இலவச லிஃப்ட் இருக்கிறது என்பதை முன்பே குறித்து வைத்திருந்தேன். குன்றின் மேல் தினமும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வெடி போடுவார்கள் என்பதை மட்டும் குறிக்காமல் விட்டுவிட்டேன். 1860-களில் இங்கே தங்கியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், உலாவப் போன மனைவி சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புவதில்லை என்று பீரங்கி ஏற்பாடு செய்தார் என்பது ஊர் சொல்லும் கதை. நாங்கள் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் டமார் என்றது. மகன் என் காலைக் கட்டிக்கொண்டான். என் கணவரின் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டி கீழே விழுந்தது. கதையைக் கேட்டு முடித்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த ஊர் நேரத்துக்கு அவர் அதை மாற்றவே இல்லை, அதில் மூன்றரை. “சாதம் வைக்கணும், வாங்க” என்று லிஃப்டை நோக்கி முன்னால் நடந்தார்.