மூன்று பாடம், ஒரு கொப்பி

2024 மார்ச் 3, ஞாயிறு

வெள்ளவத்தையில் டியூசன் வகுப்பு இன்று தொடங்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை வரை நடந்து, அங்கே 100ஆம் இலக்க பஸ் எடுத்தேன். உயர்தர வர்த்தகப் பிரிவு: கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல். இந்த மூன்றையும்தான் 1995இல் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது வயது 17, இப்போது 46.

என்னைக் கண்டதும் பிள்ளைகள் எழும்பி நின்றுவிட்டார்கள், புது மிஸ் என்று நினைத்து. கடைசி வாங்கில் போய் இருந்து கொப்பியை விரித்த பிறகுதான் அவர்களும் இருந்தார்கள். சேர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. "அக்கா, முன்னுக்கு வாங்கோ, அங்க போர்ட் தெரியாது" என்றார். போனேன்.

மார்ச் 24

பரீட்சை மீதி, ஐந்தொகை மாதிரிக் கணக்குகள் எல்லாம் எனக்குக் கை தானாகவே போடும். பிரதான வீதியில் ஒரு சாரிக்கடையில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆனால் சேர் "ஏன்?" என்று கேட்டால் நிற்கிறேன். ஐயக்கடனுக்கு, அதாவது திரும்பி வருமோ என்று சந்தேகமான கடனுக்கு, ஏன் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்? கடையில் அப்படிச் செய்வதில்லை. வராத காசு வராது, ஒருநாள் பேரேட்டில் வெட்டிவிடுவோம், அவ்வளவுதான். அந்தக் கடன் எந்த வருட விற்பனையில் வந்ததோ அந்த வருட லாபத்திலேயே நட்டத்தையும் எதிர்பார்த்துக் கழிக்க வேண்டும் என்று இன்றுதான் விளங்கியது. பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

வகுப்பு முடிந்து கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போனேன். 1942இல் தொடங்கிய சங்கம். இத்தனை வருடம் அந்த வழியால் போய்வந்தும் ஒருநாளும் உள்ளே போய்ப் படித்ததில்லை. இரண்டு மணித்தியாலம் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. வீட்டில் அப்படி நேரம் கிடைக்காது.

ஜூலை 18

உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தாயிற்று. கொமினிகேஷன் கடையில் இருந்த தம்பிதான் ஒன்லைனில் நிரப்பித் தந்தார். பிறந்த வருடத்தைத் தட்டிவிட்டு, "சரிதானே அன்ரி?" என்று ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். சரிதான் என்றேன்.

வீட்டில் இவருக்கு இரவு சொன்னேன். "கட்டணம் கட்டினீரோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழும்பிப் போய் மேசை விளக்குக்குப் புது பல்ப் போட்டுவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 19, போயா

இதை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

போன வாரம் சேர் தொக்கு மதிப்பீடு, அதாவது விற்காமல் கையிருப்பில் உள்ள சரக்குக்குப் பெறுமதி போடுவது, படிப்பித்தார். எல்கேஏஎஸ் 2 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமம்: கிரயம், தேறிய தேறக்கூடிய பெறுமதி (விற்றால் செலவு போகக் கையில் வரும் காசு), இரண்டில் எது குறைவோ அதில்தான் தொக்கைக் காட்ட வேண்டும். கொப்பியில் எழுதும்போதே எனக்கு எங்கள் கடையின் மேல்தட்டு ஞாபகம் வந்துவிட்டது. அங்கே போன தீபாவளிக்கு எடுத்த சாரிகள் நாற்பது இருக்கின்றன. இளம் பச்சை, ஓரத்தில் தங்கக் கரை. மடித்தபடியே கிடந்ததில் மடிப்பு வழியே நிறம் வெளிறிக் கோடு விழுந்திருக்கிறது. விரித்துக் காட்டினால் வாங்க வந்த பெண்ணின் கை முதலில் அந்தக் கோட்டைத்தான் தடவும். பிறகு "வேற காட்டுங்கோ" என்பார்கள்.

ஒன்றின் கிரயம் 4,200 ரூபாய். இப்போது 3,000க்கு மேல் போகாது. அதுவும் கீழ்க்கரையில் போல்ஸ் துணி அடித்துக் கொடுத்தால்தான், அதற்கு 150. ஆகவே 2,850. ஒரு சாரிக்கு 1,350 நட்டம், நாற்பதுக்கு 54,000. நான் மார்ச் கணக்கில் அவற்றை 4,200 என்றே எழுதியிருக்கிறேன். போன வருடமும் அதற்கு முதல் வருடமும் வேறு சாரிகளுக்கு அப்படியேதான் எழுதினேன்.

சனிக்கிழமை முதலாளியிடம் பேரேட்டைக் கொண்டுபோய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அப்ப பிள்ளை, இவ்வளவு காலமும் இல்லாத லாபத்துக்கோ நாங்கள் சந்தோஷப்பட்டனாங்கள்?"

"கொஞ்சம் அப்படித்தான் ஐயா."

அன்று பின்னேரமே மேல்தட்டை இறக்கச் சொன்னார். பெடியன் ஏணியில் நின்று ஒவ்வொன்றாகத் தர, நான் விரித்துப் பார்த்து விலை குறித்தேன். 22 வருடத்தில் அந்தக் கடையில் நான் சொல்லி மாறிய முதல் காரியம் இது.

செப்டம்பர் 15

பொருளியல் முதலாம் பத்திரம் வைத்துப் பார்த்தோம். 50 கேள்வி, இரண்டு மணித்தியாலம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. 31 சரி. மகள் திருத்தினாள், பத்தாம் வகுப்புக்காரி. "அம்மா, வாசிச்சு முடிக்க முதலே விடையைப் போடுறீங்கள்" என்றாள். உண்மை.

ஒக்டோபர் 30

நாளை தீபாவளி. கடை பூட்டி வீட்டுக்கு வரும்போது இரவு பதினொன்றரை. புறக்கோட்டையில் கால் வைக்க இடமில்லை. பில் எழுதி எழுதி விரல் விறைத்துவிட்டது. அந்தச் சனத்துக்குள்தான் இன்று என்ன திகதி என்று நினைவு வந்தது.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்க, இடம்பெயர்ந்து கொக்குவிலிலிருந்து வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. அடி எடுத்து வைக்க முடியாத நெரிசலில் அம்மா தம்பியைத் தூக்கியிருந்தா. நான் கணக்கீட்டுக் கொப்பியை ஒரு சொப்பின் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று தெரியாது. உடுப்புப் பையை விட்டுவிட்டு அதை எடுத்திருக்கிறேன். விடியும்போது பைக்குள் தண்ணீர் போய், நீல மை ஒழுகி ஒரு பக்கமும் வாசிக்க முடியவில்லை. சாவகச்சேரியில் ஒரு வேலியில் விரித்துக் காயவைத்தேன். அடுத்த இடத்துக்குப் போகும்போது அது அங்கேயே நின்றுவிட்டது.

இன்றைக்குப் படிக்கவில்லை. நித்திரைக்குப் போகிறேன்.

நவம்பர் 27, புதன்

திங்கள் தொடங்கிய பரீட்சை இன்று முதல் நிறுத்தம். நாடு முழுக்க மழை, வெள்ளம். அம்மா போன் எடுத்தா. முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீராம், கிணற்றுக் கட்டும் தெரியவில்லையாம். "நீ படி, நாங்கள் பாப்பம்" என்று வைத்துவிட்டா.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. வகுப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் பதற்றம். மன்னாரில் இருந்து வந்து இங்கே அறை எடுத்துப் படிக்கும் ஒரு பிள்ளை, வீட்டாருடன் தொடர்பு இல்லை என்று அழுதாள். அவளை இங்கே வரச்சொன்னேன். இப்போது மகளோடு பாயில் இருந்து பழைய வினாத்தாள் செய்கிறாள். இரவு அவளுடைய அப்பா கதைத்துவிட்டார்.

டிசம்பர் 3

நாளை மீண்டும் தொடங்குகிறது. அந்தப் பிள்ளை நேற்றுத் தன் அறைக்குப் போய்விட்டாள். கூட்டுவட்டியை நான் சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்கு கேள்வி நெகிழ்ச்சி வரைபடத்தைக் கீறிக் காட்டினாள்.

வெளியே இன்னும் தூறல். அனுமதி அட்டை, அடையாள அட்டை, நீலப் பேனை மூன்று, அடிமட்டம். எல்லாவற்றையும் ஒரு சொப்பின் பைக்குள் வைத்து, அதை இன்னொரு பைக்குள் போட்டு, வாயை இறுக்கி முடிந்து வைத்திருக்கிறேன்.