ஆடிக்காற்றில் நகர்ந்த அம்மி

ஜூலை 26, 2025, சனி

ஆடி பிறந்து பத்து நாளாகிறது. முகூர்த்தம் இல்லாத மாதம். கல்யாண வீடியோ தொகுப்பவனுக்கு மூச்சு விடக் கிடைப்பது ஆடியும் மார்கழியும்தான். பல் பிடுங்குவது, வெள்ளையடிப்பது, கணினி மாற்றுவது என்று தள்ளிப்போட்ட வேலைகள் எல்லாம் இந்த மாதத்துக்காகக் காத்திருக்கும்.

மூன்றில் ஒன்றை இன்று முடித்தேன். திருச்சிக்குப் போய் 18 அங்குல மடிக்கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் கும்பகோணம் திரும்பினேன். ஆடித் தள்ளுபடி என்றார் கடைக்காரர். புதிய தலைமுறை கிராபிக்ஸ் வந்துவிட்டதால் போன தலைமுறைச் சரக்கைக் கரைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பழையது 2014-இல் நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய மேசைக்கணினி. செயலி ஐ7-4790. பதினோரு ஆண்டுகள் உழைத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு வரும் அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, அல்லது அதற்குப் பிந்தையது. என்னுடையது நான்காம் தலைமுறை.

இன்னொரு மேசைக்கணினி வாங்கியிருக்கலாமே என்று தம்பி கேட்டான். வாங்கியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் காலையில் தாலி கட்டியதை மாலை வரவேற்பில் திரையில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு மண்டபத்திலேயே உட்கார்ந்து தொகுக்க வேண்டும். சி.பி.யு. பெட்டியையும் மானிட்டரையும் யு.பி.எஸ்ஸையும் ஆட்டோவில் ஏற்றிப் போய் இரண்டு முறை பட்டிருக்கிறேன்.

கணினி 3 கிலோ 300 கிராம். அதன் அடாப்டர் தனியாக ஒரு கிலோ 200. மளிகைக்கடைத் தராசில் வைத்தே பார்த்துவிட்டேன். அம்மா இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, “அம்மியும் குழவியுமாக வாங்கி வந்திருக்கிறாயே” என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

இந்தக் குறிப்பை அம்மியில்தான் தட்டச்சு செய்கிறேன். முதல் பத்தி முழுவதும் உளறலாக வந்தது. வலப்பக்கம் எண் பலகை இருப்பதால் எழுத்து விசைகள் இடது பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. கையோ திரையின் நடுவைப் பார்த்துப் போய் உட்காருகிறது. தமிழ் 99 விசைப்பலகை முறையில் ஒரு விசை தள்ளினால் உயிர் வர வேண்டிய இடத்தில் வேறு உயிர் வந்து சொல் வேறாகிவிடுகிறது. பழகிவிடும்.

எஸ்.டி. கார்டு செருகும் துளை இல்லை. இவ்வளவு பெரிய உடம்பில் அதற்கு மட்டும் இடம் இல்லையாம்.

ஜூலை 29, செவ்வாய்

மணிக்கட்டு வைக்கும் உலோகப் பகுதியைத் தொட்டால் சுள்ளென்கிறது. அடி விழுவதுபோல் இல்லை, எறும்பு ஊர்வதுபோல் ஓர் அதிர்வு. விரலை லேசாக இழுத்தால் தெரிகிறது, அழுத்தி வைத்தால் தெரிவதில்லை. அடாப்டரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது.

வாங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. கடைக்குப் போன் செய்து கத்தலாம் என்று எண்ணை எடுத்தேன். அம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, “என் பாட்டி ஆசாரமாக, மடியாக இருந்தபோதுகூடத் தொட்டால் திட்டுவாள், அவ்வளவுதான். இது கடிக்கிறதே. மடிக்கணினி என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்” என்றார். சிரித்ததில் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

நல்லவேளை, கத்தவில்லை. குற்றவாளி எங்கள் வீடு.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். மூன்று துளைகளில் மேலே இருக்கும் பெரிய துளைக்கு ஒரு பச்சை ஒயர் வருகிறது. சுவருக்குள் ஒரு முழம் போய் அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்பா காலத்தில் வீடு கட்டியபோது யாரோ கணக்குக்கு வைத்த ஒயர். மேசைக்கணினியின் பெட்டி மேசைக்கு அடியில் கிடந்தது, விசைப்பலகையும் மவுஸும் பிளாஸ்டிக். அதனால் இத்தனை ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கணினியிலோ பெட்டியின் மீதே கை வைத்து வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் விளக்கினார். இரைச்சலை வடிகட்ட அடாப்டருக்குள் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே மிகச் சிறிதளவு மின்சாரம் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். இல்லையென்றால் உலோக உடம்பில் நின்றுகொண்டு தொடுகிறவரைத் தேடும்.

கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு மூடினார். புது ஒயர் இழுத்தார். வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கூலியும் சாமானும் சேர்த்து 4,800 ரூபாய். கணினியின் விலையில் இதையும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அம்மாவின் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் இன்றுதான் முதன்முதலாக மண்ணைத் தொட்டிருக்கின்றன.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா கலந்த சாதம் கட்டிக்கொண்டு பகவத் படித்துறைக்குப் போனார். நான் கோப்புகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய கணினியையும் புதியதையும் லேன் கேபிளால் இணைத்தேன். நொடிக்கு 110 மெகாபைட் போகிறது. ஆறு டெராபைட்டுக்குப் பதினைந்து மணி நேரம். புதியதில் இதைவிட வேகமான போர்ட் இருக்கிறது, ஆனால் எதிர்முனையில் இருப்பது 2014 அல்லவா.

காத்திருந்த நேரத்தில் வைகாசியில் எடுத்த ஒரு கல்யாணத்தைத் திறந்தேன். திடுக்கிட்டுப் போனேன். அரக்குக் கூறைப்புடவை நெருப்பாக எரிகிறது. தாலிச்சரட்டின் மஞ்சள் ஆரஞ்சுப் பழத்தின் பக்கம் போய்விட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் நான் இப்படியா நிறம் சேர்த்துக் கொடுத்தேன்? அவர்கள் வேறு பாராட்டினார்களே!

திரையைத் திட்டுவதற்கு முன் யோசித்தேன். இது டி.சி.ஐ.-பி3 என்ற, சினிமாவுக்கான விரிந்த நிற எல்லையை முழுவதும் காட்டும் திரை. நான் கொடுக்கும் வீடியோ ரெக்.709 என்ற, தொலைக்காட்சிக்கான குறுகிய எல்லைக்குள் செய்யப்பட்டது. யாரும் இடையில் நின்று மொழிபெயர்க்காவிட்டால் திரை தன் முழு பலத்தையும் காட்டிவிடும். சின்ன வாணலிக்கு அளந்த உப்பைப் பெரிய கரண்டியால் போட்டதுபோல. திரையின் அமைப்பில் எஸ்.ஆர்.ஜி.பி. என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றியதும் மஞ்சள் மஞ்சளாயிற்று.

கடையில் இந்தத் திரையைப் பார்த்துத்தான் மயங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இனி ஓய்வு நேரத்தில் படம் பார்க்கும்போது மட்டும் அந்த மயக்கம். மற்றபடி திரை நன்றாகவே இருக்கிறது. 16:10 விகிதம் என்பதால் டைம்லைனுக்குக் கீழே இன்னொரு ஒலித்தடம் கூடுதலாகத் தெரிகிறது. நாதஸ்வரத்துக்கு ஒன்று, ஐயர் மைக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்பவனுக்கு இது பெரிய உதவி.

ஆகஸ்ட் 6, புதன்

எரிச்சலில் எழுதுகிறேன்.

இரண்டரை லட்சத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து வாங்கிய இயந்திரம். 24 கருக்கள் (கோர்) கொண்ட ஐ9-14900எச்எக்ஸ் செயலி, 12 ஜி.பி. நினைவகத்தோடு ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ். (மேசைக்கணினிக்கான 4080 வேறு, மடிக்கணினிக்கான 4080 வேறு. அதில் 9,728 கிராபிக்ஸ் கருக்கள், 16 ஜி.பி.; இதில் 7,424, 12 ஜி.பி. ஒரே பெயர் வைத்த பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும்போல. தெரிந்தேதான் வாங்கினேன்.) இதில் நாலே நாலு கேமராக் காட்சிகளை அடுக்கி ஓடவிட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. கெட்டிமேளத்தின் நடுவே மணமகன் கை அந்தரத்தில் நிற்கிறது.

பழைய கணினியில் இரவெல்லாம் பிராக்சி போட்டு, மறுநாள் அந்தச் சிறிய நகல்களை வைத்துத் தொகுப்பேன். அதிலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவும்?

ஆகஸ்ட் 7, வியாழன்

இதிலும் குற்றவாளி வெளியே இல்லை. நானேதான்.

எங்கள் கேமராக்கள் எச்.265 என்ற சுருக்க முறையில், 10 பிட், 4:2:2 என்று பதிவு செய்கின்றன. அதாவது ஒளிக்கு முழுக் கணக்கு, நிறத்துக்குக் கிடைமட்டத்தில் பாதிக் கணக்கு. திரைப்படங்களும் செல்போன் வீடியோக்களும் 4:2:0, நிறத்துக்குக் கால் கணக்கு. பெரும்பாலான சிப்புகள் அதைத்தான் தாமாக விரிக்கும். என்னிடம் இருக்கும் தலைமுறை கிராபிக்ஸுக்கு 4:2:2 பாடத்திட்டத்தில் இல்லை. இந்த ஆண்டு வந்த புதிய தலைமுறையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். (தள்ளுபடியின் காரணம் இப்போது முழுவதாகப் புரிகிறது.)

ஆனால் இன்டெல் செயலிக்குள் ஓரமாக உட்கார்ந்திருக்கும் சின்ன கிராபிக்ஸ் அதை அநாயாசமாக விரிக்கும். குவிக் சிங்க் என்று பெயர். விளம்பரத்தில் யாரும் சொல்லாத அந்தச் சின்னப் பையனை முதல் நாளே நான் வெளியே அனுப்பிவிட்டேன். எங்கோ ஒரு விமர்சன வீடியோவில், தனி கிராபிக்ஸ் மட்டும் இயங்கும்படி மாற்றினால் வேகம் கூடும் என்றார்கள். விளையாடுகிறவர்களுக்குக் கூடும், படம் நேரே திரைக்குப் போகும், இடையில் இன்னொரு கை மாறாது. நான் விளையாடுவதில்லை. ஆனாலும் மாற்றினேன்.

பழையபடி இரண்டும் சேர்ந்து இயங்கும் முறைக்குத் திருப்பி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் அமைப்பில் இன்டெல்லைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு காட்சிகளும் ஆற்று நீர்போல ஓடின. பிராக்சி வேண்டாம். எழுந்து போய் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, காபி கொடுத்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சூடும் சத்தமும். மதியம் அறையில் 34 டிகிரி. இருபது நிமிடப் படத்தை ஏற்றுமதி செய்தால் செயலி 100 டிகிரியைத் தொட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கு விதித்த எல்லை அது. பின்பக்கம் இரண்டு ரீப்பர் கட்டைகளைக் கொடுத்து உயர்த்தினேன். ஐந்தாறு டிகிரி குறைந்தது. கடையில் 3,000 ரூபாய்க்குக் காட்டிய குளிர்விப்புத் தட்டு இனி வேண்டாம்.

விசிறிகளின் இரைச்சலில் பக்கத்து அறையில் சீரியல் கேட்கவில்லை என்று புகார். முழு வேகத்தில் 11 நிமிடம் ஆகும் வேலை அமைதி முறையில் 14 நிமிடம் ஆகிறது. மூன்று நிமிடத்தை அம்மாவின் சீரியலுக்கு விட்டுக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மின்சாரம் இல்லை. பழைய யு.பி.எஸ். ஆறு நிமிடம் தாங்கும்; சேமித்துவிட்டு அணைக்க மட்டுமே அவகாசம். அம்மியைச் சோதிக்க நல்ல நாள்.

பேட்டரி 99 வாட்-ஹவர். 100-ஐத் தாண்டினால் விமானத்தில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பதால் பெரிய கணினிகள் எல்லாம் இந்த எண்ணிலேயே வந்து நிற்கின்றன. 330 வாட் அடாப்டர் கொடுக்கும் வேகத்திலேயே தின்றால் பதினெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் மின்சாரம் போனதும் இயந்திரம் அடங்கிவிடுகிறது. 14 நிமிட வேலை 35 நிமிடம் ஆயிற்று. பேட்டரி 100-இலிருந்து 38-க்கு இறங்கியது. மெதுவாகத்தான், ஆனால் வேலை முடிந்தது.

இதைப் பேட்டரி என்று நினைக்காமல் உள்ளேயே வைத்துத் தைத்த யு.பி.எஸ். என்று நினைத்துக்கொண்டால் வருத்தம் இல்லை. காபிக்கடையில் உட்கார்ந்து வேலை பார்க்க நினைத்து வாங்குகிறவர் ஏமாந்து போவார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மயிலாடுதுறைச் சாலையில் ஒரு மண்டபம். முகூர்த்தம் ஏழரைக்கு மேல். ஒன்பது மணிக்குக் கார்டுகள் என் கைக்கு வந்தன. சமையல் சாமான் அறையில் ஒரு மேசை, காய்கறி மூட்டைகளுக்கு நடுவே. முதல் வேலையாக டெஸ்டரால் எர்த் பார்த்தேன். இருந்தது.

மதியம் இரண்டரைக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமி எழ ஒரு நிமிடம் பிடித்தது. இருட்டில் திரை மட்டும் எரிந்தது, ஏற்றுமதி நகர்ந்துகொண்டிருந்தது. சாம்பாருக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தவர், “தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்” என்றார். திருப்பினேன். அந்த வெளிச்சத்தில் அவர் வேலையும் நிற்கவில்லை.

ஆறு நிமிடப் படம். ஏழு மணிக்கு வரவேற்பில் போட்டார்கள். அம்மி மிதிக்கும் காட்சியில் மாப்பிள்ளை கால் வழுக்கி ஐயர் தோளைப் பிடிப்பதை வெட்டாமல் விட்டிருந்தேன். மண்டபமே சிரித்தது. கூறையின் நிறம் பெரிய திரையிலும் கூறையின் நிறமாகவே இருந்தது.

பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் கணினி இருக்கிறது, அடாப்டர் இல்லை. சாமான் அறைச் சுவரிலேயே செருகியபடி விட்டுவிட்டேன். சமையல்காரருக்குப் போன் செய்தேன். கறுப்பாக ஒன்று கிடக்கிறது, பாத்திரத்தோடு கட்டிவிடாமல் எடுத்து வைக்கிறேன் என்றார். கேமராவுக்கு வைத்திருக்கும் 100 வாட் டைப்-சி சார்ஜரில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தட்டச்சுக்கு அது போதும். காலை ஆறு மணி பஸ்ஸில் போய்க் குழவியை எடுத்து வர வேண்டும்.